திறக்காத ஜன்னல்

இத்தாலியின் ஜெனோவாவில் பழைய துறைமுகத்தை ஒட்டிய புதுப்பாணி ஹோட்டல் ஒன்று. 'கடல் பார்த்த அறை' என்று கூடுதலாகக் காசு வாங்கிக்கொண்டார்கள். கடல் தெரிந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஜன்னல் திறக்காது! தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. கொஞ்சம் உப்புக்காற்று வேண்டுமென்றால் லிஃப்ட் பிடித்துக் கீழே இறங்க வேண்டும். துறைமுகத்திலேயே பெரிய மீன்காட்சியகம் வேறு இருக்கிறது. அங்கே உள்ள மீன்களுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், அவற்றுக்கு யாரும் வாடகை கேட்பதில்லை.

பின்னால் நாலு எட்டு வைத்தால் கரூஜி என்கிற சந்துகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலம். அங்கே பழைய வீடுகளில் ஜன்னலின் மரக்கதவைத் தள்ளி, கொடியில் துணி காயப்போடுகிறார்கள். பொறாமையாக இருந்தது.

சரி, தூங்கலாம் என்றால் விளக்கு அணையவில்லை. சுவிட்சே கிடையாது, தொடுபலகைதான். 'ஓய்வு' என்று தொட்டால் திரைச்சீலை மேலே போகிறது, 'இரவு' என்று தொட்டால் குளியலறை பளிச்சென்று எரிகிறது. குளியலறைச் சுவரும் கண்ணாடிதான், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எதிரே லாந்தெர்னா கலங்கரை விளக்கம், 1543இல் கட்டியது, 77 மீட்டர் உயரம். அது ஒழுங்காக எரிந்து அணைந்துகொண்டிருந்தது. வரவேற்பறைக்கு ஃபோன் செய்தேன். செயலியைப் பதிவிறக்கச் சொன்னார்கள். நடுராத்திரி ஒன்றரை மணிக்கு! துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன்.