பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாகப் போகிறாய்?

இஸ்ரேலிய, பாலஸ்தீனக் குழந்தைகளைப் பேட்டி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் "சமாதானம் வருமா?" என்றுதான் கேட்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை வீட்டில் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லும். அதைக் கேட்டுவிட்டு "பிஞ்சிலேயே வெறுப்பு" என்று எழுதிவிடுகிறோம். இது அநியாயம். பள்ளிக்குப் போகும் வழியைக் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு மட்டுமே தெரிந்தது வெளியே வரும்.

இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கும் மேற்குக் கரையில், ஹெப்ரோன் நகருக்குத் தெற்கே, தூபா என்று ஒரு பாலஸ்தீனச் சிற்றூர். பள்ளி இருப்பது அத்-துவானியில். நேர்வழியில் நடந்தால் 20 நிமிடம். ஆனால் அது இஸ்ரேலியர்கள் அந்த நிலத்தில் அமைத்த மாஓன் குடியேற்றத்துக்கும் ஹவாத் மாஓன் புறக்குடியிருப்புக்கும் நடுவே போகிறது. அந்த வழியில் குடியேறிகள் பிள்ளைகளைத் தாக்கினார்கள். சுற்றுவழியோ ஒரு மணி நேரத்துக்கும் மேல். இஸ்ரேல் நாடாளுமன்றத்தின் குழந்தைகள் உரிமைக் குழு தலையிட்ட பிறகு, 2004 இறுதியில் ராணுவ ஜீப் துணைக்கு வரத் தொடங்கியது. பெரியவர்கள் கண்டு அஞ்சும் அதே ராணுவம்! ஜீப் தாமதமானால் முதல் பாடம் போச்சு. வேகமாகப் போனால் சின்னப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டும். பள்ளி விட்டதும் ஜீப் வராவிட்டால் மறுபடி சுற்றுவழி. ஆண்டுக்கணக்கில் இப்படித்தான் படித்தார்கள்.

காஸாவை ஒட்டிய இஸ்ரேலிய நகரமான ஸ்டெரோட்டில் பிள்ளைகளின் அளவுகோல் 15 விநாடி. காஸாவிலிருந்து ராக்கெட் வருவதாக எச்சரிக்கை ஒலித்ததும் அதற்குள் காங்கிரீட் மறைவிடத்துக்குள் போக வேண்டும். அங்கே ஒரு விளையாட்டுத் திடலில் கம்பளிப்பூச்சி வடிவக் குழாய்தான் பதுங்குமிடம். முன்பு அந்த எச்சரிக்கைக்குப் பெயர் "சிவப்பு விடியல்". விடியல் என்று பொருள்படும் பெயர்கொண்ட 7 வயதுச் சிறுமி முறையிட்டதால், 2007இல் "சிவப்பு நிறம்" ஆனது. குழந்தை சொன்னதைப் பெரியவர்கள் காதில் வாங்கிய அபூர்வமான இடம் இது.

காஸாவில் எச்சரிக்கைச் சங்கும் இல்லை, பொதுப் பதுங்குமிடமும் இல்லை. தலைக்கு மேலே ட்ரோனின் ரீங்காரம்தான். அதற்கு அங்கே "ஸனானா" என்று பெயர். 2007இல் காஸாமீது இஸ்ரேலின் முற்றுகை தொடங்கியபோது பிறந்த பிள்ளை 2008, 2012, 2014, 2021 போர்களைப் பார்த்துவிட்டுத்தான் 2023 போருக்கு வந்தது.

கேட்கப் போகிறவர்களுக்கு: காகிதமும் பென்சிலும் கொடுத்து வழியை வரையச் சொல்லுங்கள். எங்கே நிற்பாய், எங்கே ஓடுவாய், யாரோடு போவாய் என்று மட்டும் கேளுங்கள். கல்லெறிந்தாயா என்று கேமரா முன்னால் கேட்கவே கேட்காதீர்கள். முகத்தையும் ஊரையும் வெளியிடாதீர்கள். ஏனென்றால் மேற்குக் கரையில் 12 வயதான பாலஸ்தீனப் பிள்ளையை இஸ்ரேலிய ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தலாம். எதிர்க் குன்றில் வாழும் குடியேறியின் பிள்ளைக்கு இஸ்ரேலின் சிவில் சட்டம்.