வாடகையை எழுதினா முத்து உதிர்ந்துடுமா?

ஜூன் பிறந்தா போதும், கிண்டி, கோட்டூர்புரம், வேளச்சேரி, தரமணி பக்கம் ஒரு இபி போஸ்ட் சும்மா நிக்காது. பேப்பரை நாலா கிழிச்சு, பசையைத் தடவி, "ரூம் அவைலபிள்"னு ஒட்டிட்டுப் போயிடுறாங்க. அதே வாசகம் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை வரும். வாசகத்தைப் பாருங்க:

"ரூம் அவைலபிள். காலேஜுக்கு நடைதூரம். 24 மணி நேரமும் தண்ணீர். செமி ஃபர்னிஷ்டு. டீசன்டான பசங்களுக்கு மட்டும். வாடகை நேரில்."

கீழே ஒரு போன் நம்பர். இத்தனை வரியில உருப்படியான தகவல் அந்த நம்பர் ஒண்ணுதான். மத்ததெல்லாம் நம்மளை போன் பண்ண வைக்கப் போட்ட தூண்டில்.

நடைதூரம்னா யாரோட காலுக்கு? "ஐஐடி பக்கத்தில்"னு போடுறீங்களே, அந்த வளாகமே சுமார் 250 ஹெக்டேர். சர்தார் படேல் ரோடு மெயின் கேட் பக்கமா, வேளச்சேரி கேட் பக்கமா? ரெண்டுக்கும் நடுவுல காடும் மானும்தான் இருக்கு. வேளச்சேரி விஜயநகர்ல வீட்டை வெச்சுக்கிட்டு "அண்ணா யுனிவர்சிட்டிக்கு மிக அருகில்"னு எழுத எப்படி மனசு வருது? நடந்து பாருங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். தெருப் பேர், பக்கத்து பஸ் ஸ்டாப், எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா. இவ்வளவுதான் கேட்கிறோம். கதவு நம்பர்கூட வேண்டாம்.

அப்புறம் அந்தத் தண்ணீர். என்ன தண்ணீர் சாமி? மெட்ரோ வாட்டரா, போர் தண்ணியா, லாரித் தண்ணியா? உப்புப் போர்னா சோப்பு நுரைக்காது, பக்கெட் அடியில வெள்ளையா படியும், ஹீட்டர் காயில் சீக்கிரம் போயிடும். ஏப்ரல் மே மாசத்துல லாரி வந்தா காசு யார் தலையில? மெயின்டனன்ஸ்ல அடக்கமா, தனியா? வீடு பார்க்கப் போறவங்க குழாயைத் திறந்து ஒரு நிமிஷம் விட்டுப் பாருங்க, பக்கெட் அடியையும் பாருங்க. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தரைத்தளம்னா இன்னொண்ணும் இருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ இந்தத் தெருவுல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு ஹவுஸ் ஓனரைக் கேட்காதீங்க, எதிர்க்கடைக்காரரைக் கேளுங்க. பாத்ரூம் கதவோட கீழ்விளிம்பு உப்பிப் போயிருக்கா, பிளக் பாயின்ட் எல்லாம் திடீர்னு இடுப்புக்கு மேல ஏறியிருக்கான்னு பாருங்க. புது பெயின்ட் எதை வேணா மறைச்சிடும், பிளைவுட் மறைக்காது.

"டீசன்டான பசங்க"ங்கிறது ரகசிய மொழி. போன் போட்டா முதல் கேள்வி பேர், ரெண்டாவது சொந்த ஊர், மூணாவது "வெஜ்ஜா நான்-வெஜ்ஜா", நாலாவது "நீங்க என்ன ஆளுங்க?" வாடகை கொடுக்கிற ஆளுங்கதான், வேற என்ன? இந்த நாலாவது கேள்வியை போஸ்டர்ல அச்சடிக்க மட்டும் கூச்சம். அதனால "டீசன்ட்"னு ஒரு போர்வையைப் போட்டு மூடிக்கிறாங்க. ராத்திரி ஒன்பதரைக்கு கேட் பூட்டிடுவோம், சமைக்கக் கூடாது, அப்பா அம்மா வந்தாலும் தங்க விடமாட்டோம்ங்கிற சட்டதிட்டமெல்லாம் டோக்கன் அட்வான்ஸ் கை மாறின பிறகுதான் வாயிலிருந்து வரும்.

எல்லாத்தையும்விட எரிச்சல் "வாடகை நேரில்". வாடகையை எழுதினா முத்து உதிர்ந்துடுமா? எழுத மாட்டாங்க. ஏன்னா ஆளைப் பார்த்துத்தான் விலை. கூட அப்பா வந்திருந்தா ஒரு ரேட், வெளிமாநிலப் பையன் தனியா வந்தா ஒரு ரேட். நடுவுல புரோக்கர். "ஓனர் டைரக்ட்"னு போட்டிருக்கிற பல நம்பர் புரோக்கர் நம்பர்தான். வீட்டைக் காட்டுற வரைக்கும் "எங்க அண்ணன் வீடு", பிடிச்சுப் போனதும் "ஒரு மாச வாடகை கமிஷன் தம்பி".

கணக்கு போட்டுப் பார்ப்போம். ரெண்டு பெட்ரூம் வீடு, வாடகை 18,000. சென்னை வழக்கப்படி பத்து மாச அட்வான்ஸ் கேட்டா 1,80,000. புரோக்கருக்கு 18,000, முதல் மாச வாடகை 18,000. மொத்தம் 2,16,000. நாலு பேர் பங்கு போட்டாலும் தலைக்கு 54,000. பாத்திரம், பாய் வாங்குறதுக்கு முன்னாடியே இவ்வளவு. இந்த அட்வான்ஸ் விஷயம் விளம்பரத்துல ஒரு எழுத்து கிடையாது. காலி பண்ணும்போது "பெயின்டிங் சார்ஜ்"னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்குவாங்க. அதுவும் விளம்பரத்துல கிடையாது.

சட்டம் இருக்கு. தமிழ்நாட்டுல 2017-ல நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டம் போட்டு, 2019 பிப்ரவரியில நடைமுறைக்குக் கொண்டுவந்தாங்க. ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். டெபாசிட் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, பாக்கி ஏதாவது இருந்தா கழிச்சுக்கிட்டு, திருப்பித் தரணும். ஆனா அந்த மூணு மாசக் கணக்குக்கு முன்னாடியே "ஒப்பந்தத்துல வேற மாதிரி ஒப்புக்கிட்டா தவிர"ன்னு ஒரு ஓட்டையையும் சட்டமே வெச்சிருக்கு. எல்லா ஓனரும் அந்த ஓட்டைக்குள்ளதான் குடியிருக்காங்க. அதனால கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அட்வான்ஸ் எத்தனை மாசம், எதுக்கெல்லாம் பிடிப்பாங்க, நோட்டீஸ் ஒரு மாசமா ரெண்டு மாசமா, இந்த மூணையும் எழுத்துல வாங்குங்க. "அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி"ங்கிறது எழுத்து இல்ல. பணத்தை பேங்க் வழியா அனுப்புங்க, நோட்டுல எண்ணிக் கொடுக்காதீங்க. உள்ளே போற அன்னிக்கே சுவர், சிங்க், கண்ணாடி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாத்தையும் வீடியோ எடுத்து ஓனர் நம்பருக்கே அனுப்பி வைங்க. அப்புறம் "இந்த ஓட்டை நீங்க போட்டது"ன்னு யாரும் சொல்ல முடியாது.

கரன்ட் பில் தனிக்கொள்ளை. "இபி எக்ஸ்ட்ரா"ன்னு ரெண்டு வார்த்தை. யூனிட் எவ்வளவு? சப் மீட்டர் யாரோடது? தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அந்தச் சலுகை வாடகைக்காரன் கண்ணுல படவே படாது. முதல் யூனிட்லேர்ந்தே பத்து ரூபாய்னு வசூல் பண்றாங்க. அதுக்கு மேல ஒரே சர்வீஸ்ல நாலு ரூமை இழுத்துக் கொடுத்தா மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டி கட்டண ஸ்லாப் எகிறும், அந்தப் பாரத்தையும் நாமதான் சுமக்கணும். ஒன்றரை டன் ஏசி ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினா ஏறக்குறைய 7 லிருந்து 9 யூனிட் இழுக்கும். மாசத்துக்கு 210 லிருந்து 270 யூனிட். பத்து ரூபாய்னா 2,100 லிருந்து 2,700. "ஏசி ரூம், மூணு ஷேரிங், தலைக்கு 7,000"னு போடுறவங்க இந்தக் கணக்கையும் போடுங்களேன். கடைசி இபி பில்லை ஒரு போட்டோ எடுத்துக் காட்டச் சொன்னா ஏன் முகம் சிவக்குது?

பிஜி, அதாவது பேயிங் கெஸ்ட் விடுதி நடத்துறவங்க இன்னொரு படி மேல. "பிளஸ் ஜிஎஸ்டி"யாம். 2024 ஜூலையிலிருந்து, ஒருத்தருக்கு மாசம் 20,000 ரூபாய்க்கு மிகாம, தொடர்ந்து குறைஞ்சது 90 நாள் தங்கினா ஹாஸ்டல் மாதிரி தங்குமிடத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. 8,000 ரூபாய் பெட்டுக்கு வரி கேட்டா ரசீதுல ஜிஎஸ்டி நம்பரைக் காட்டச் சொல்லுங்க. பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்னுடும். பெண்கள் ஹாஸ்டல் நடத்துறவங்களுக்கு 2014-லயே தனிச் சட்டம் வந்தாச்சு, கலெக்டர்கிட்ட உரிமம் வாங்கணும். "ஹோம்லி ஃபுட், சிசிடிவி"ன்னு கொட்டை எழுத்துல போடத் தெரியுது. உரிம எண்ணைப் போட மட்டும் பேனாவுல மை இல்ல.

ஒழுங்கான விளம்பரம் இப்படித்தான் இருக்கும்: "தரமணி, ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டர். இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஒரு ரூம், இருவருக்கு. வாடகை 11,000, அட்வான்ஸ் மூன்று மாதம். இபி தனி மீட்டர், போர்டு பில்படி. போர் தண்ணீர், சற்று உப்பு. மெயின்டனன்ஸ் 800. பைக் நிறுத்த இடம் ஒன்று. சமைக்கலாம். ஜூலை 1 முதல். புரோக்கர் இல்லை." ஒரு வாட்ஸ்அப் மெசேஜுக்குள்ள அடங்கிடுச்சு. சற்று உப்புன்னு சொன்னதால ஒருத்தனும் ஓடமாட்டான், சொல்லாம விட்டாத்தான் ஓடுவான்.

இந்த மூடுமந்திரத்தால லாபம் அடையறது அசல் திருடன்தான். எந்த விளம்பரத்துலயும் முகவரி இல்ல, வாடகை இல்லன்னு ஆனப்புறம் போலி எது, நிஜம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அழகான ஃபிளாட் போட்டோ, பாதி வாடகை. ஓனர் "ராணுவத்துல இருக்கேன், வெளியூர் போஸ்டிங்"ம்பான். ஐடி கார்டு போட்டோகூட அனுப்புவான். வீட்டைப் பார்க்கணும்னா "கேட் பாஸுக்கு 2,000 அனுப்புங்க, திருப்பித் தந்துடுவோம்"பான். வீட்டைப் பார்க்கக் காசு கேட்டாலே கட் பண்ணிடுங்க. அந்த போட்டோவையே கூகுள்ல போட்டுத் தேடுங்க, அதே சோபா வேற ஊர் விளம்பரத்துல உட்கார்ந்திருக்கும். வீடியோ கால்ல வரச் சொல்லி, கிச்சன் குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்க. திருடனுக்குக் குழாய் இருக்காது. நிஜமா அட்வான்ஸ் கொடுக்கிற கட்டத்துல, ஓனர் பேர்ல இருக்கிற சொத்துவரி ரசீதையும் இபி பில்லையும் ஒத்துப் பாருங்க. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்துல காசில்லாமலே பார்க்கலாம்.

வேலை விளம்பரத்துக்கு வருவோம். "பார்ட் டைம், வீட்டிலிருந்தே, வாரம் 12,000, டைப்பிங் தெரிந்தால் போதும்." டைப்பிங்குக்கு வாரம் 12,000 கொடுக்கிற புண்ணியவான் எங்கே இருக்கான்? முறை ஒண்ணுதான். ஆன்லைன்ல ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்குவாங்க. நூத்துக்கணக்குல பக்கத்தை அனுப்பி, 98 சதவீதம் பிழையில்லாம முடிக்கணும்பாங்க. முடிக்கவே முடியாது, முடிக்கக் கூடாதுன்னுதான் அந்தக் கணக்கே. அப்புறம் "ஒப்பந்தத்தை மீறிட்டீங்க, வக்கீல் நோட்டீஸ், 6,000 கட்டினா கேஸ் வாபஸ்"னு முத்திரை குத்தின ஒரு பிடிஎஃப் வாட்ஸ்அப்ல வரும். கட்டாதீங்க, பதில்கூடப் போடாதீங்க.

டெலிகிராம் ஆளுங்க வேற ரகம். வீடியோவுக்கு லைக் போட்டா 150 ரூபாய் நிஜமாவே வரும். அது இரை. அடுத்தது "ப்ரீபெய்டு டாஸ்க்", 1,000 கட்டினா 1,300. அப்புறம் 5,000, அப்புறம் 30,000. ஸ்க்ரீன்ல பேலன்ஸ் ஏறிக்கிட்டே இருக்கும், எடுக்கப் போனா "வரி கட்டுங்க"ம்பான். பணம் போயிடுச்சுன்னா வெட்கப்பட்டு உட்காராம உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிங்க. பணம் அடுத்தடுத்த அக்கவுன்ட்டுக்குத் தாவுறதுக்குள்ள முடக்கினாத்தான் உண்டு.

எல்லாத்துலயும் கேவலமானது "பேங்க் அக்கவுன்ட் தேவை, தினம் 5,000 கமிஷன்". அந்த அக்கவுன்ட்ல வந்து விழறது இன்னொருத்தர்கிட்ட ஏமாத்தின காசு. புகார் வந்ததும் முதல்ல முடங்குறது மாணவனோட அக்கவுன்ட், போலீஸ் தேடி வர்றதும் அவன் வீட்டுக்குத்தான். ஸ்காலர்ஷிப் பணமும் அதுலயே மாட்டிக்கும். இந்த விளம்பரத்தை காலேஜ் குரூப்ல ஃபார்வர்ட் பண்ற சீனியர்களே, ஒரு ரெஃபரலுக்கு என்ன கிடைக்குது உங்களுக்கு?

"இன்டர்ன்ஷிப், சர்டிஃபிகேட் உறுதி, கட்டணம் 2,500"ன்னும் ஒண்ணு சுத்துது. வேலை செய்யறவன் காசு கட்டினா அதுக்குப் பேர் இன்டர்ன்ஷிப் இல்ல, சர்டிஃபிகேட் வியாபாரம். தீசிஸ் எழுதித் தர்றோம், "பிளேஜியரிசம் ரிப்போர்ட் 5 சதவீதம் கேரன்டி"ங்கிறவங்களும் அதே சந்தைதான். யுஜிசி 2018 விதிப்படி, தீசிஸ்ல மத்தவங்க எழுத்தோட ஒப்புமை 60 சதவீதத்தைத் தாண்டினா ஆராய்ச்சிப் பதிவே ரத்து. அன்னைக்கு கேரன்டி கொடுத்தவர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

மாணவர்கள் போடுற விளம்பரம் மட்டும் என்ன வாழுதாம்? "ரூம்மேட் தேவை, உடனே"ன்னு போடுவாங்க. முன்னாடி இருந்தவன் ஏன் போனான்னு சொல்ல மாட்டாங்க. புது ஆளைச் சேர்க்க ஓனரோட எழுத்துச் சம்மதம் இருக்கான்னும் சொல்ல மாட்டாங்க. இல்லைன்னா காசு கொடுத்த புது ஆள்தான் முதல்ல தெருவுக்கு வருவான். "லேப்டாப், குட் கண்டிஷன்" உம் அப்படித்தான். விண்டோஸ்ல பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, புதுசுல எவ்வளவு தாங்கும், இப்ப எவ்வளவு தாங்குதுங்கிற ரெண்டு எண்ணைப் போடுங்க, "கண்டிஷன்" தன்னால தெரியும். பைக் விக்கிற ஃபைனல் இயர் பசங்க ஆர்சி புக்கைக் கையில கொடுத்துட்டு ஊருக்கு ரயில் ஏறிடுறாங்க. ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து போட்டு ஆர்டிஓவுல பேர் மாத்துங்கப்பா. லோன் இருந்தா ஃபார்ம் 35-ம் பேங்க் கடிதமும் வேணும். பேர் மாத்தலைன்னா வாங்கினவன் ஹெல்மெட் இல்லாம ஓட்டுற சலான் உங்க போனுக்கு வரும், ஆக்சிடென்ட் ஆனா கேஸும் உங்க பேருக்குத்தான் வரும்.

ரூம் நிரம்பினப்புறமாவது விளம்பரத்தை எடுக்கிறாங்களா? அதுவும் இல்ல. போன் பண்ணினா "அது போயிடுச்சு, வேற ஒண்ணு இருக்கு, பட்ஜெட் கொஞ்சம் கூட"ம்பாங்க. பொது இடத்துல போஸ்டர் ஒட்டி அசிங்கப்படுத்தக் கூடாதுன்னு 1959-லயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு. இவங்க மரத்துலயே ஆணி அடிச்சு போர்டு மாட்டுறாங்க. அந்த போர்டுலயாவது வாடகை எவ்வளவுன்னு இருக்கான்னு போய்ப் பாருங்க.