தெசலோனிக்கியின் மேல் நகரம் 1917-ல் எரியவில்லை

1917 தீயில் கிரேக்க நாட்டு நகரமான தெசலோனிக்கியின் பழைய நகரம் முழுக்க அழிந்தது, இன்று அங்கே இருக்கும் குடியிருப்புகள் எல்லாம் அதன்பின் கட்டியவை என்று ஒரு பதிவில் ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் பலரும் பகிர்கிறார்கள். பாதி சரி. அந்த ஆகஸ்டில் நகரின் மையப்பகுதி உண்மையிலேயே சாம்பலானது. 70,000-க்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள், புனித திமித்ரியோஸ் தேவாலயமும் எரிந்தது. ஆனால் அதற்கு மேலே, குன்றுச் சரிவில் இருக்கும் ஆனோ போலி, அதாவது 'மேல் நகரம்', தப்பிவிட்டது. ஒட்டோமான் காலத்து வளைந்த சந்துகளும், மாடி துருத்தி நிற்கும் வீடுகளும் இன்றும் அங்கே இருக்கின்றன.

சரிபார்ப்பது சுலபம். கூகுள் மேப்பில் அரிஸ்டாட்டில் சதுக்கத்தைத் திறந்து, அப்படியே வடகிழக்காக மேலே நகர்த்துங்கள். முதலில் நேர்நேரான அகலச் சாலைகள் வரும்; அவை தீக்குப்பின் எர்னெஸ்ட் எப்ரார் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் தலைமையில் வகுத்த திட்டத்தின்படி அமைந்தவை. புனித திமித்ரியோஸைத் தாண்டி மேலே போகப் போகத் தெருக்கள் குறுகி, நெளிய ஆரம்பிக்கும். எனக்கு அந்த நகரத்தில் ரொம்பப் பிடித்த மாற்றம் இதுதான். அப்புறம், யுனெஸ்கோ 1988-ல் பட்டியலிட்ட தெசலோனிக்கி நினைவுச்சின்னங்களையும் பாருங்கள். அதில் வரும் ஓசியோஸ் தாவித் தேவாலயமும் விளாடாதோன் மடமும் இதே மேல் நகரத்தில்தான் உள்ளன.

அந்தப் பதிவைத் திருத்த முடிந்தால் 'முழுக்க' என்பதை 'மையப்பகுதி' என்று மாற்றிவிடுங்கள். அதைப் படித்துவிட்டு மேல் நகரத்துக்குப் போகாமல் யாரும் திரும்பிவிடக் கூடாது.