பெட்டியிலேயே போட்டிருக்கும்

மிட்டாயோடு வரும் ஜப்பான் பொம்மை எல்லாமே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத லாட்டரி என்று இந்தக் கட்டுரை சொல்வது, பல பாகங்கள் சேர்ந்து ஒன்றாகும் இணைப்பு ரோபோக்களுக்குப் பொருந்தாது. ஜப்பான் பொம்மை நிறுவனமான பண்டாயின் மினிப்ளாவில் (மிட்டாயோடு, பாகம் பாகமாகத் தனித்தனிப் பெட்டியில் வரும் ரோபோ) எந்தப் பாகம் உள்ளே இருக்கிறது என்று பெட்டி மேலேயே படமும் எண்ணும் போட்டிருக்கும், பார்த்து எடுக்கலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 1992-இல் வந்த ஜூரேஞ்சர் என்ற ஜப்பான் டிவி தொடரின் டைஜூஜின் ரோபோவையே எடுத்துக்கொள்ளுங்கள் (பவர் ரேஞ்சர்ஸில் மெகாசார்டாக வந்ததுதான்): டைரனோசரஸ் உடம்பு, மாமத் இரண்டு கை, டிரைசெராடாப்ஸும் வாள்பல் புலியும் கால்கள், டெரனோடான் மார்பு. இந்த மாதிரி ரோபோவில் ஒரு பெட்டி மட்டும் கடையில் தீர்ந்துபோனால் மற்றதெல்லாம் இருந்தும் அது முழுமையாகாது, அந்த ஒன்றுக்கு மறுவிற்பனைக்காரர் கேட்கும் விலையைத்தான் கொடுக்க வேண்டும், இதைத்தான் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒருவர் மினிப்ளாவை அதே ரோபோவின் பெரிய டீலக்ஸ் பொம்மையின் மலிவு நகல் என்கிறார். அதன் மேம்பட்ட வகையான சூப்பர் மினிப்ளாவைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார், பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டி நாமே பூட்டி, கண்ணுக்கான துக்கடா ஸ்டிக்கரை இடுக்கியால் ஒட்டி முடித்தால், பழைய டீலக்ஸில் மடங்கவே மடங்காத முட்டியும் முழங்கையும் இதில் அழகாக மடங்குகின்றன.