ஆறு வயர்களையும் ஒரே மூச்சில் பிடுங்கும் மேதைகளுக்கு

"அண்ணா, எந்த வயர் எந்த இடத்தில் இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?" என்று தொலைபேசியில் கேட்கும் மெக்கானிக்குக்கு என்ன பதில் சொல்வது? டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பழைய பேக்கி (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள சிறு வண்டி) வைத்திருப்பவர்கள் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க மாட்டார்கள். ஸ்பார்க் பிளக் வயர்களை மாற்றித் தாருங்கள் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை. பழைய வயர் ஒன்றைக் கழற்றி, அதே இடத்தில் புதியதை மாட்டி, பிறகு அடுத்ததற்குப் போனால் ஞாபகசக்திக்கே வேலை இல்லை. ஆனால் நம் மேதை ஆறையும் ஒன்றாகப் பிடுங்கிக் குவித்து வைத்ததோடு நில்லாமல், கையோடு கையாக, ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தை முறைப்படி பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் பூட்டுப் போல்ட்டையும் தளர்த்தி அதைத் திருப்பியும் வைத்திருந்தார். அதை யார் கேட்டார்கள்?

என் வண்டியில் இருக்கும் செவர்லேயின் 4.1 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினில் பொறி பாயும் வரிசை 1-5-3-6-2-4. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை வயர் வயராகக் கொடுத்துவரும் ரோட்டார் சுற்றுவது வலஞ்சுழியாக. வரிசையை நான் தொலைபேசியிலேயே சொன்னேன். அவர் அதை இடஞ்சுழியாக மாட்டினார். அப்படி மாட்டினால் ஒன்றும் ஆறும் மட்டும் தற்செயலாகச் சரியான இடத்தில் அமையும், மற்ற நான்கும் தாறுமாறாகிவிடும். ஆகவே எஞ்சின் முழுதாகச் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை, கார்புரேட்டர் வழியாக வெடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே குலுங்கியது. "பேட்டரி பலவீனம்" என்று தீர்ப்பு வழங்கினார்.

நான் நேரில் போய்ச் சுழல் திசையைக் காட்டிய பிறகு, டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்துவிட்டுக் எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க்கின் கப்பியில் உள்ள குறியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து திரும்ப இறக்கினார். சிலிண்டர் ஒரு முறை தன் வேலையை முடிப்பதற்குள் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுவதால் அந்தக் குறி இரண்டு முறை பூஜ்யத்துக்கு வரும், ஒன்று அழுத்தத்தின்போது, மற்றது புகை வெளியேறும்போது. முதல் சிலிண்டரின் பிளக் துளையில் விரலை வைத்து, காற்று தள்ளுகிறதா என்று பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும். ஆனால் விரல் வைப்பது அவருடைய கௌரவத்துக்கு இழுக்காம். நேர் எதிராக இறக்கி, சாவியைத் திருப்பியதும் எழுந்த சத்தத்தில் பக்கத்துத் தெரு நாய்கள் வரை குரைத்தன.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, பொறி பாயும் நேரத்தைக் குறியின் மேல் ஒளி பாய்ச்சிக் காட்டும் டைமிங் லைட்டை நான் நீட்டியபோது அவர் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்ததுதான். காதுதான் கருவியாம்! டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, எஞ்சின் எங்கே வேகமாக ஓடுகிறதோ அங்கே போல்ட்டை முறுக்கிவிட்டு, "ஜோகன்னஸ்பர்க்கில் எல்லா வண்டிக்கும் நான் இப்படித்தான் வைப்பேன்" என்றார். ஐயா, ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் சிலிண்டரில் அழுத்தம் குறைவு, பொறி சற்று முந்தினாலும் எஞ்சின் தாங்கும், ஆக்டேன் குறைந்த 93 பெட்ரோலிலேயே காலம் தள்ளும். டர்பனில் கடல் வாசலில் இருக்கிறது. இங்கே அதே அளவுக்கு முந்தவிட்டால், சுமையோடு பைன்டவுன் ஏற்றத்தில் ஏறும்போது பிஸ்டன்கள் கணகணவென்று அடித்துக்கொண்டு கதறும். கதறவும் செய்தன.

வேறு வழியில்லாமல், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, லைட்டின் கவ்வியை முதல் வயரில் மாட்டி, குறியைப் பார்த்து நானே வைத்தேன். மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் பாயின்ட்டின் இடைவெளியைச் சரிபார்க்காமல் டைமிங்கைத் தொடுவதே வீண் என்பதால் அதையும் நானே பார்த்தேன். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த அவர், "பரவாயில்லை அண்ணா, உங்களுக்கும் கொஞ்சம் வருகிறது" என்று சான்றிதழ் வழங்கினார்.

பிறகு பில் வந்தது. வயர் மாற்றியதற்கு ஒரு தொகை, டைமிங் வைத்ததற்கு ஒரு தொகை. இவற்றுக்குக் கீழே, வயர் வரிசையைக் கண்டுபிடித்ததற்குத் தனியாக இன்னொரு தொகை! அவரே தொலைத்த வரிசையை, நானே தேடிக் கொடுத்ததற்கு, நானே கூலியும் கொடுக்க வேண்டுமாம். கத்துவதற்காகத்தான் வாயைத் திறந்தேன், வந்ததோ சிரிப்பு, அடக்கவும் முடியவில்லை. நான் மகிழ்ச்சியில் சிரிப்பதாக நினைத்து அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, "அடுத்த மாதம் கொண்டு வாருங்கள் அண்ணா, கார்புரேட்டரையும் பிரித்துப் பார்த்துவிடலாம்" என்றார்.