மேசையில் ஒரு ஓட்டை

போன சனிக்கிழமை லாஸ் வேகாஸில் ஒரு கேசினோவில் ஒன்பது மணி நேரம் போக்கர் ஆடினேன். முதலில் 300, பிறகு 100 என்று மொத்தம் 400 டாலர் போட்டு, 288 டாலரோடு எழுந்தேன். "விட்டதும் இல்லாம அதுக்கு ஒரு பதிவு வேறயா" என்று கேட்கப் போகிறவர்களுக்காகவே எழுதுகிறேன்.

போக்கர் சூதாட்டமா, திறமையா என்ற வழக்கில் நான் எப்போதும் திறமைக் கட்சி. பிளாக்ஜாக்கிலும் ரவுலட்டிலும் கேசினோவே நம்மோடு மோதுகிறது, ஆட்டத்தின் விதியே அதற்குச் சாதகம். போக்கரில் அது மேசையையும் சீட்டையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. நாம் ஒருவரோடொருவர்தான் மோதுகிறோம். இதை என் மச்சானிடம் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். இந்த முறை அவனும் கூட வந்திருந்தான்.

ஒதுங்கிக்கொள்கிறது என்றேன் அல்லவா, அங்கேதான் விஷயம். சீட்டுப் போடும் கேசினோ ஊழியரான டீலரின் கைப் பக்கத்தில் மேசையில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். நடுவில் பணம் சேரச் சேர, பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் சிப்பை (பணத்துக்குப் பதிலான வில்லை) எடுத்து அதன் மேல் வைப்பார். ஆட்டம் முடிந்ததும் அது டக் என்று உள்ளே விழும். நம் ஊர் மனமகிழ் மன்றங்களில் ரம்மி ஆடுபவர்களிடம் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்களே, அதே சமாசாரம்தான். நான் உட்கார்ந்தது ஒன்று-மூன்று மேசை, அதாவது சீட்டுப் போடும் முன்பே ஒருவர் 1 டாலரும் அடுத்தவர் 3 டாலரும் வைத்தாக வேண்டும். அந்த ஹாலிலேயே மலிவான மேசை அதுதான். அதில் ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 5 டாலர் ஓட்டைக்கு, ஜாக்பாட் நிதி என்று இன்னொரு 2 டாலர், ஜெயித்தவர் டீலருக்குத் தரும் டிப்ஸ் 1 டாலர்.

சின்ன ஆட்டங்களில் இவ்வளவு போகாது. எல்லாம் சேர்த்துச் சராசரி 5 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 ஆட்டம், 150 டாலர். மேசையில் ஒன்பது பேர். எல்லோரும் ஒரே மாதிரி ஆடினால் தலைக்கு மணிக்குப் பதினாறு, பதினேழு டாலர் போய்க்கொண்டே இருக்கும். ஒன்பது மணி நேரத்துக்கு 150. நான் விட்டது 112. ஆக, கணக்குப்படி நான் சராசரி ஆட்டக்காரனைவிடக் கெட்டிக்காரன்! அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் மதிப்பு 38 டாலர்.

இனி அந்த ஒன்பது மணி நேரம் எப்படிப் போனது என்று கேளுங்கள். பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். ஐந்து தடவை சீட்டு வந்தால் நாலு தடவை, பார்த்த கையோடு திருப்பிப் போட்டு அந்த ஆட்டத்தை விட்டுவிட வேண்டும். மச்சானுக்கு அதுதான் முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவனிடம் "போட்டுர்றா, வேணாம்" என்று தமிழில் சொல்லித் தொலைத்தேன். டீலர் அம்மா சீட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு, ஆட்டம் நடக்கும்போது ஆங்கிலம் மட்டும்தான், அதுவும் அடுத்தவர் சீட்டுக்கு யோசனை சொல்லக் கூடாது என்றார். நியாயம்தான். அப்புறம் மச்சான் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்தும் போய்விட்டான்.

கையில் இரண்டு ஏஸ் வருவது 221 தடவைக்கு ஒரு தடவை. எனக்கு நாலாவது மணி நேரத்தில் வந்தது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு 15 டாலருக்கு ஏற்றினேன். வரிசையாக எட்டுப் பேரும் சீட்டைப் போட்டுவிட்டார்கள். கிடைத்தது அந்த 1-ம் 3-ம், மொத்தம் நாலே டாலர்.

பெரிய அடி சாயங்காலம் விழுந்தது. கையில் ஜோடி ஒன்பது, எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விழுந்த முதல் மூன்று சீட்டில் இன்னொரு ஒன்பது. மற்ற இரண்டும் ஆட்டின். எதிரே தொப்பி போட்ட ஒரு பெரியவர், ரிட்டயர் ஆனவர், காலையிலிருந்து காபியும் கையுமாக இருந்தார். நான் மிச்சமிருந்த 120 டாலரையும் தள்ளினேன். அவர் கையில் இரண்டு ஆட்டின். இன்னும் ஒன்று விழுந்தால் ஃபிளஷ், அதாவது ஐந்தும் ஒரே இனம், என் மூன்று ஒன்பதை மிஞ்சிவிடும். மேசையில் ஒரு ஜோடி சேர்ந்தால் நான் அந்த ஃபிளஷையும் மிஞ்ச வழி இருப்பதால், இந்த இடத்தில் அவர் ஜெயிப்பது சுமார் நாலில் ஒரு தடவைதான். யோசிக்காமல் கால் பண்ணினார், அதாவது அதே தொகையை வைத்தார். கடைசிச் சீட்டு ஆட்டின் ராணி. "மன்னிச்சுக்கப்பா" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். நல்ல மனுஷன். டீலர் அவர் பக்கம் சிப்பைத் தள்ளுவதற்கு முன்னால் அந்த டக் சத்தம் கேட்டது.

திரும்ப 100 டாலருக்குச் சிப் வாங்காமல் அப்போதே எழுந்திருக்கலாம். எழவில்லை. ராத்திரிக்குள் பாதிக்கு மேல் மீண்டும் வந்தது, அதனால்தான் மேலே சொன்ன மொத்தக் கணக்கு.

2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அக்கவுண்டண்ட், ஆன்லைனில் 86 டாலர் போட்டியில் நுழைந்து, 10,000 டாலர் நுழைவுக் கட்டணமுள்ள போக்கர் உலகத் தொடருக்குப் போய் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். உண்மைதான். ஆனால் ஒன்று-மூன்று மேசையில் அப்படி எதுவும் நடக்காது. மணிக்குப் பதினைந்து டாலர் டிக்கெட்டில் ஒரு நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவுதான் நான் சொல்ல வருவது. எனக்கு அந்த டிக்கெட் கட்டுபடியாகிறது. கட்டுபடியாகாதவர்களும், விட்டதைப் பிடிக்கிறவர்களும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மச்சானை பிளாக்ஜாக் மேசைக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தேன். இருபதே நிமிஷத்தில் 200 டாலர் விட்டிருந்தான். ராத்திரி சாப்பாட்டு பில் வந்ததும் என் பக்கம் தள்ளினான். எங்கள் இருவரில் அன்றைக்கு ஜெயித்தவன் நான்தானாம்.