சாத்தின கதவுக்கு ஓயாத மணி

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டால் போதும், எங்கள் காருக்குக் கதவு திறந்தே இருப்பதாக நினைப்பு வந்துவிடும். நாலு கதவையும் அறைந்து சாத்தியாச்சு. டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் அணைய மாட்டேங்குது. குன்னூர் போய்ச் சேரும்வரை டிங் டிங் என்று மணி வேறு. மூடுபனிக்குள் எதிரே வரும் பஸ்ஸின் ஹாரன் காதில் விழ வேண்டாமா?

பழைய வண்டிகளில் கதவு திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா என்று விளக்குக்குச் சொல்ல, கதவுத் தூணில் ரப்பர் மூடி போட்ட ஒரு பட்டன் சுவிட்ச் இருக்கும். ஈரம் ஏறிப் பச்சை பூத்தால் கழற்றி, உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு தேய்த்து மாட்டினால் வேலை முடிந்தது. இப்போது பல வண்டிகளில் சுவிட்ச் பூட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அது கெட்டால் பூட்டையே மாற்றச் சொல்கிறார்கள். இது என்ன நியாயம்?

செட்டிங்ஸைத் திறந்தால் உள்விளக்கு எத்தனை நொடி எரியணும், மணிச் சத்தம் எவ்வளவு இருக்கணும் என்றெல்லாம் கேட்கிறது. எந்தக் கதவு என்று சொல்லத்தான் அதற்கு வாயில்லை. ராத்திரி உள்விளக்கு தானாக எரிந்து பேட்டரி இறங்கினால், அந்தக் குளிரில் காலையில் யார் தள்ளுவது?

"ஒயரை வெட்டிடலாம் சார்" என்கிறார் மெக்கானிக். பின்சீட்டில் குழந்தை உட்கார்ந்து வருகிறதே, கொண்டை ஊசி வளைவில் நிஜமாகவே கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தால் எனக்கு யார் சொல்வது? விளக்கு வேண்டும். உண்மையைச் சொல்லும் விளக்காக வேண்டும்.